கொசுறாக வந்த ஏழாவது குட்டி

2022ஆம் ஆண்டு ஜனவரியில், கேரளத்திலுள்ள ஒரு பண்ணையிலிருந்து இனப்பெருக்கத்துக்காக ஆறு பெட்டை வெண்பன்றிக் குட்டிகளை விலைபேசி வாங்கினேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் குட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பண்ணைக்காரர் உள்ளே போய் இன்னொரு குட்டியைத் தூக்கிவந்து, இதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லி அவற்றோடு விட்டுவிட்டார். சாளை வாங்கினால் கூட நாலு மீனை அள்ளிப் போடுவதும், காய்க்கடையில் கறிவேப்பிலையைச் சும்மா வாங்குவதும் பழகிப்போன நமக்குக் கொசுறு என்பது உரிமை போலத்தான் தோன்றும்; நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கையிலிருந்த உடல்நலச் சான்றிதழில் ஆறு என்று எழுதியிருந்தது. வண்டியில் ஏழு நின்றன. அந்த ஒன்றால் நான் பதினைந்து நாள் அலைந்த கதையையும், அந்த அலைச்சலில் படித்துத் தெரிந்துகொண்ட விதிகளையும் எழுதிவைக்கவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைப் பக்கம், ரப்பர் விளைகளுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா காலத்தில் கொல்லையில் இரண்டு நாட்டுப் பன்றிகள் நின்றன. நான் வெண்பன்றிக்கு மாறி, இப்போது பன்னிரண்டு தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாண வீடுகள் என்று இங்கே பன்றியிறைச்சிக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் ஒரே கூட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் சேர்த்தால் ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் இறங்கிவிடும் என்பதால், நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெளி இரத்தம் கொண்டுவந்தே ஆகவேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தனுவாஸ் கேபிஎம் கோல்டு என்ற நல்ல கலப்பினம் நமக்கு உண்டுதான். அது உருவான காட்டுப்பாக்கமோ சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே போவது எளிது. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று ஒரே ஆட்சியின்கீழ் கிடந்த நிலம் இது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. பன்றி வாங்கப் போகும்போது மட்டும் அந்த எல்லை நினைவுக்கு வரவேண்டியிருக்கிறது.

அன்று இரவு எட்டு மணிக்கு மேல் எல்லைச் சாவடி ஒன்றில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம் ஆலப்புழை மாவட்டத்தில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியாகியிருந்ததால், கோழி வண்டிகளுக்கு மருந்து தெளிக்கக் கால்நடைத் துறையினர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் டார்ச் விளக்கை வண்டிக்குள் அடித்து, விரலால் காற்றில் எண்ணினார். பிறகு தாளைப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

"அண்ணே, பேப்பர்ல ஆறாக்கும் இருக்கு. வண்டியில ஏழுல்லா நிக்குது."

கொசுறு என்று நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. அப்படியென்றால் அந்த ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு ஆறை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலின் பொருள் எனக்கு அன்று புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏழும் ஒரே தட்டில் மூன்று மணி நேரம் உரசிக்கொண்டும் ஒன்றன் மூத்திரத்தில் ஒன்று புரண்டுகொண்டும் வந்திருக்கின்றன. ஏழாவது எங்கிருந்து வந்தது என்று தெரியாதவரைக்கும் மற்ற ஆறுக்கும் கொடுத்த சான்று செல்லாது என்றார் அவர். மறுபடி மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிவந்தால் தடையில்லை. அன்று சனிக்கிழமை.

பண்ணைக்காரருக்கு அலைபேசியில் சொன்னபோது, குட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். பணம் வாங்கும்வரை இனித்தவர் இப்படிக் கைவிரிக்கிறாரே என்று வண்டி ஓட்டிய தம்பியிடம் வழியெல்லாம் புலம்பினேன். இன்று நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்வேன்: வெளி வண்டியில் ஏறி, வழியில் எதையெதையோ தொட்டுவிட்டு வந்த பன்றியை நல்ல கூட்டத்துக்குள் மறுபடி விடுவதுபோன்ற மடத்தனம் வேறில்லை. அவர் செய்த பிழை அதற்கு முன்னால் நடந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

எல்லைக்கு அப்பால், கேரளத்தில் பாறசாலைப் பக்கத்தில் என் மைனி இருக்கிறார். அண்ணன் காலமான பிறகு மாடுகளை விற்றுவிட்டதால் அவருடைய தொழுவம் சும்மா கிடந்தது. இரவு பத்தரை மணிக்கு ஏழு பன்றிகளோடு வாசலில் போய் நின்று, "மைனி, ரெண்டு நாளைக்கு மட்டும்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தொழுவத்தின் விளக்கைப் போட்டார். குட்டிகள் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கழித்துவிட்டு, மறு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்தன. பன்றியை அழுக்கு விலங்கென்று சொல்பவர்கள் ஒருமுறை இதைப் பார்க்கவேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அந்த ஊர்க் கால்நடை மருத்துவர் வந்தார். இளம் பெண், ரப்பர் பூட்ஸை வாளியில் நனைத்துவிட்டுத்தான் தொழுவத்துக்குள் காலெடுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வெப்பமானி வைத்துப் பார்த்ததில் ஏழும் 39 டிகிரியை ஒட்டியே இருந்தன, அது பன்றிக்கு இயல்பான சூடு. ஆறு குட்டிகளின் காதிலும் மாட்டியிருந்த அடையாளத் தோடுகளின் பன்னிரண்டு இலக்க எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துச் சரிபார்த்தார். ஏழாவதன் காதில் தோடு இல்லை. எந்தத் தாயின் குட்டி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பண்ணைக்காரரை அழைத்து அவரிடமே பேசக் கொடுத்தேன். சற்று இழுத்து இழுத்துப் பேசிய பின்னர் உண்மை வந்தது: அது அந்தப் பண்ணையில் பிறந்ததே இல்லை, நாலு நாளைக்கு முன் ஒரு தரகர் வேறெங்கிருந்தோ கொண்டுவந்த கூட்டத்தில் மீந்துபோன குட்டி. தரகர் எங்கே வாங்கினார் என்று அவருக்கும் தெரியாது.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. ஏழையும் பதினைந்து நாள் அங்கேயே தனியாக நிறுத்துங்கள், நடுவில் ஒருமுறை வந்து பார்க்கிறேன், நன்றாக இருந்தால் ஆறுக்கு எழுதித் தருகிறேன், ஏழாவதற்கு என்னால் எழுத முடியாது என்றார். குட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "இன்னிக்கு நல்லாருக்கு சேட்டா. எங்க இருந்து வந்துச்சுன்னு நான் என்ன எழுத?" என்று பாதித் தமிழில் சொன்னார். உடல்நலச் சான்று என்றால் காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் எழுதித்தரும் தாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். காய்ச்சலைப் பற்றி அது சொல்வது அன்றைய ஒரு பொழுதுக்கு மட்டுமே. பின்னால் ஏதேனும் ஒரு நோய் வெடித்தால், இந்தப் பன்றி எந்தக் கூட்டத்தில் நின்றது, எந்த நாளில் எந்த வண்டியில் எங்கே போனது என்று பின்னோக்கி நடப்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு தடம் கிடையாது.

அந்தப் பதினைந்து நாளில் எனக்கு வேறு வேலை இல்லாததால் விதிகளைத் தேடிப் படித்தேன். விலங்குகளை ஏற்றிச்செல்வது பற்றிய 1978ஆம் ஆண்டு விதிகளில், பிற்பாடு 2001இல் பன்றிக்கென்றே ஓர் அத்தியாயத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டிச் சுமையோடும், பன்றிகள் பயணத்துக்குத் தகுதியான நிலையில் உள்ளன, தொற்றுநோயோ ஒட்டுண்ணி நோயோ இல்லை என்று கால்நடை மருத்துவர் எழுதிய சான்றிதழ் வரவேண்டும். அது இல்லாவிட்டால் ஏற்றிச்செல்பவரே சுமையை ஏற்க மறுக்கவேண்டும் என்று அது சொல்கிறது. அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பன்றிகளின் எண்ணிக்கை, வகை, கூடவே அனுப்பும் தீவனத்தின் அளவு ஆகியவற்றைத் தடித்த சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிடவேண்டும். முதலுதவிப் பொருள்கள் வண்டியில் இருக்கவேண்டும், தரையில் வைக்கோல் பரப்பவேண்டும், கால்களைக் கட்டக்கூடாது. நாலு காலையும் சேர்த்துக் கட்டி இருசக்கர வண்டியின் பின்னால் குறுக்காகப் போட்டுக்கொண்டு போகிற காட்சியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரி கொஞ்சம் உறைக்கும். சிவப்பு எழுத்துச் சீட்டை நான் இதுவரை ஒரு வண்டியிலும் கண்டதில்லை.

இட அளவுக்கு வேறொரு விதி. 2016ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகன விதிப்படி, கால்நடை ஏற்றும் வண்டியில் தடுப்புகள் நிரந்தரமாக இருக்கவேண்டும். மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3, பன்றிக்கு 0.6 என்று இடம் வகுத்திருக்கிறார்கள். குட்டியானை என்று நாம் சொல்லும் சிறிய டெம்போவின் தட்டு ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது, 0.6 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ ஆறரைச் சதுர அடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து பன்றிக்குமேல் அதில் நிற்க இடமில்லை. நான் ஏழை ஏற்றியிருந்தேன், கொசுறு இல்லாமலேயே ஆறு. இறைச்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் அதே தட்டில் பதினைந்து வரை நெருக்குவதைப் பார்த்திருக்கிறேன். பன்றிக்கு நம்மைப்போல வியர்த்துச் சூட்டை இறக்கிக்கொள்ளும் வழி கிடையாது; பகல் வெயிலில் நெருக்கி ஏற்றினால் இறக்கும்போது ஒன்றிரண்டு எழாது. ஆகவே இந்த விதியைக் கருணைக்காக மட்டும் போட்டதாக நான் கருதவில்லை. பயணத்தில் வாடிய பன்றியிடம், உள்ளே அடங்கிக் கிடந்த நோயும் தலைதூக்கும்.

இதெல்லாம் மாநிலத்தின் அதிகாரமா, மையத்தின் அதிகாரமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் கால்நடை நோய்த் தடுப்பு மாநிலப் பட்டியலின் 15ஆம் பதிவில் இருக்கிறது. ஆனால் மனிதரையோ விலங்கையோ பயிரையோ தாக்கும் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29ஆம் பதிவில் இருக்கிறது. பன்றி நம் தொழுவத்தில் நிற்கும்வரை ஒரு பட்டியல், எல்லையைத் தாண்டியதும் இன்னொரு பட்டியல். இந்த இரண்டாவது வகைக்காகத்தான் 2009இல் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியென்றோ நோயற்ற பகுதியென்றோ அறிவிக்கவும், அங்கிருந்து விலங்குகள் வெளியேறுவதையும் உள்ளே வருவதையும் தடுக்கவும், சோதனைச் சாவடியும் தனிமைப்படுத்தும் முகாமும் அமைக்கவும் அது மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. பட்டியலிட்ட நோய் இருப்பதாக ஐயம் வந்தால் உடனே ஊர் அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிப்பதும், நோய்கண்ட விலங்கைப் பிரித்து வைப்பதும் உரிமையாளரின் கடமை. செத்த விலங்கை ஆற்றிலோ குளத்திலோ போடுவது தனிக் குற்றம். குழித்துறை ஆற்றங்கரையில் வசிப்பவர்களுக்கு இந்தப் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்று நான் விளக்கவேண்டியதில்லை. இத்தனையும் எழுதியவர்கள், விதியை மீறுவோருக்கு முதல் முறைக்கு விதித்த அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஒரு குட்டியின் விலை அதைவிடப் பல மடங்கு.

நம் பக்கத்துச் சாவடிகளைப் பார்க்கும்போது நான் நினைத்துக்கொள்வது வேறொரு நோயை. மாட்டுக்கு வரும் வெக்கை நோயை ஒழிக்க நாடெங்கும் முனைந்த காலத்தில் எல்லைச் சாவடிகளில் கால்நடைகளை நிறுத்தித் தடுப்பூசி பார்த்து அனுப்பினார்கள். 2006இல் இந்தியா வெக்கை நோயற்ற நாடென்ற தகுதியைப் பெற்றது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். நிறுத்தி எண்ணிப் பார்க்கிற சலிப்பான வேலைக்கும் அதில் பங்குண்டு. டார்ச் விளக்கோடு நின்ற அந்த மனிதரை நான் அன்று மனத்துக்குள் வைததற்கு இன்று வருந்துகிறேன்.

இனி ஜூலைக்கு வருகிறேன். நான் குட்டிகளைக் கொண்டுவந்து ஐந்து மாதம் கழிந்த நிலையில், 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடியிலும் தவிஞ்ஞாலிலும் இருந்த பண்ணைகளில் பன்றிகள் செத்தன. போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதிசெய்தது. 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் இந்தியாவுக்குள் கண்டறியப்பட்டது. இதற்கு மருந்தில்லை, நம் நாட்டில் போடத் தடுப்பூசியும் இல்லை. வந்த கூட்டத்தில் மீள்வது ஒன்றிரண்டுதான். ஆகவே நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பன்றிகளையெல்லாம் கொன்று புதைத்துவிட்டு, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதே வழி. கேரளத்தில் அதற்கு எடை பார்த்து இழப்பீடு கொடுத்தார்கள்: பதினைந்து கிலோவுக்குள் இருக்கும் குட்டிக்கு 2,200 ரூபாய், நூறு கிலோவுக்குமேல் 15,000 ரூபாய். மையமும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்கும் செலவு இது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் தாய்ப்பன்றிக்கு 15,000 என்பது, மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்று சினைக்கணக்குப் பார்த்துப் பார்த்து வளர்த்தவனுக்கு எதற்கும் காணாது; ஆனால் அதுவும் இல்லையென்றால் யாரும் நோயைச் சொல்ல முன்வரமாட்டார்கள், இரவோடு இரவாக விற்றுவிடுவார்கள் என்பதும் உண்மை.

அதே ஜூலையில் கேரள அரசு பிற மாநிலங்களோடு பன்றி, பன்றியிறைச்சி, பன்றிப் பொருள்கள் ஆகியவற்றின் போக்குவரத்துக்குத் தடைவிதித்தது. முதலில் ஒரு மாதத்துக்கென்று வந்து பிறகு நீண்டது. எங்கள் பக்கத்தில் கேரளச் சந்தையை நம்பிக் கொழுக்கவைத்துக்கொண்டிருந்தவர்கள், நூறு கிலோவைத் தாண்டிய பன்றிகளுக்குத் தினமும் தீவனம் போட்டுக்கொண்டு, விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பலரும், "நம்ம கிட்டத்தான் நோய் இல்லையே, நம்ம டாக்டர் சான்று தருவாரே" என்றார்கள். மாநிலம் தாண்டும் எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் நம்மவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அனுப்பும் மாநிலத்தின் சான்று எத்தனை சுத்தமாக இருந்தாலும், பெறும் மாநிலம் அன்றைய தேதியில் போட்டிருக்கும் ஆணைதான் கடைசியில் பேசும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பன்றி போய்ச்சேரும் மாவட்டத்துக் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வதை நான் இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். நமக்கென்றால் நாகர்கோவிலில் மண்டல இணை இயக்குநர் அலுவலகம்.

பெயரால் வரும் குழப்பத்தையும் சொல்லவேண்டும். 2009இல் மனிதர்களுக்குப் பரவிய இன்ஃப்ளூயன்சாவுக்கு நம் செய்தித்தாள்கள் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டன. பன்றிக்கே வரும் பழைய வைரஸ் நோய்க்கும் பன்றிக் காய்ச்சல் என்றுதான் பெயர். அதற்குத் தடுப்பூசி உண்டு. இப்போது வந்திருப்பது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மூன்றும் மூன்று வேறு வைரஸ்கள். கடைசியாகச் சொன்னது மனிதருக்குத் தொற்றவே தொற்றாது என்றாலும், வயநாட்டுச் செய்தி வந்த வாரம் இங்கே இறைச்சிக் கடைகளில் ஈ ஓட்டினார்கள். இன்னொரு சிக்கல், பழைய நோயும் ஆப்பிரிக்க நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: கடும் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, காதும் அடிவயிறும் சிவந்து கருநீலமாதல், திடீர்ச் சாவு. ஆய்வகம் சொன்னால்தான் இன்னதென்று தெரியும். தடுப்பூசி போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில், இது வேறேதோ என்று நாள் கடத்துபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ் பன்றியின்மேல் ஏறித்தான் எல்லை கடக்கவேண்டும் என்பதில்லை. உறையவைத்த இறைச்சியில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கில் இருக்கும். செருப்பில், வண்டிச் சக்கரத்தில், கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும். காட்டுப்பன்றிக்கும் வரும், 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதனால் செத்தன. மலையடிவாரத்தில், பேச்சிப்பாறைப் பக்கமெல்லாம் கூட்டைச் சுற்றி வேலி போடாமல் பன்றி வளர்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். இவை எல்லாவற்றையும்விட நம் மாவட்டத்தில் நான் அஞ்சுவது ஓட்டல் மிச்சத்தை. எல்லைக்கு அப்பாலிருந்து உணவுக் கழிவும் இறைச்சிக் கழிவும் ஏற்றிவரும் வண்டிகள் இங்கே பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அதில் ஒரு பகுதி பன்றிப் பண்ணைகளுக்குப் போவதும் ஊரறிந்த செய்தி. பன்றிக்குச் சான்று வேண்டும், தோடு வேண்டும், ஆறு என்றால் ஆறுதான் இருக்கவேண்டும். அந்தப் பன்றி தின்னப்போகும் நீல நிறப் பீப்பாய்க்குள் எந்த ஊர்ப் பன்றியின் எலும்பு மிதக்கிறது என்று கேட்கத் தாள் ஏதும் இல்லை. பிடிப்பவர்களும் அதைக் குப்பை என்றே பிடிக்கிறார்கள், நோய் என்று பிடிப்பதில்லை.

மிச்சத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடைத்தீவனம் மட்டும் போட்டு இங்கே பன்றி வளர்த்தால் இலாபம் என்ற சொல்லையே மறந்துவிடவேண்டும். காய்ச்சிக் கொடுக்கலாம். உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, 90 டிகிரியில் ஒரு மணி நேரம், விடாமல் கிண்டிக்கொண்டே. நான் பழைய தார் டிரம்மைப் பாதியாக வெட்டி, ரப்பர் விறகு வைத்து எரிக்கிறேன். கொதிவந்ததும் இறக்கிவிடுவது நம் வழக்கம். நடுவில் கட்டியாகக் கிடக்கும் சோற்றுக்குள் சூடு ஏற நேரம் எடுக்கும் என்பதால்தான் கிண்டச் சொல்கிறார்கள். மரவள்ளி என்று பிற ஊர்களில் சொல்லும் மரச்சீனியின் தோலையும் அதிலேயே போட்டு வேகவைத்துவிட்டால் அதன் நச்சும் குறையும், இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

மைனியின் தொழுவத்தில் கற்றுக்கொண்ட பழக்கத்தை வீட்டிலும் விடவில்லை. புதிதாக எது வந்தாலும் பெரிய கூட்டிலிருந்து தள்ளி, காற்று வரும் திசைக்கும் தண்ணீர் ஓடும் திசைக்கும் கீழ்ப்பக்கமாகப் போட்டிருக்கும் சிறு கூட்டில் முப்பது நாள் நிற்கும். ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு நோய் வெளிப்படும் காலத்தைப் பதினைந்து நாள் என்று உலக அமைப்பு கணக்கிடுகிறது. நான் அதை இரட்டிப்பாக்கிக்கொண்டேன். அந்தக் கூட்டுக்குத் தனிச் செருப்பு, தனி வாளி, தனித் துடைப்பம். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டு. சேறு ஒட்டிய காலோடு அதில் மிதித்தால் மருந்து வேலை செய்யாது என்பதால் முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மிதிக்கவேண்டும். தீவனம் போடும்போது பழைய பன்றிகளுக்கு முதலில், புதியவற்றுக்குக் கடைசியில். வேலைக்கு வரும் அக்கா இந்த வரிசையை மாற்றிவிட்டால் நான் கத்துவேன். அவருக்கு என்மேல் அதில் வருத்தம் உண்டு. பன்றி பார்க்க வரும் தரகர்களை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தி அலைபேசியில் படம் காட்டுகிறேன். ஒரு நாளில் நாலு பண்ணைக்குள் போய்வரும் கால்கள் அவை.

ஆறு குட்டிகளும் பிப்ரவரி முதல் வாரத்தில், மருத்துவர் புதிதாக எழுதித் தந்த தாளோடு, இந்த முறை இரண்டு நடையாக மூன்று மூன்றாக, எல்லை கடந்து வந்துசேர்ந்தன. அதே சாவடியில் வேறொருவர் நின்றார். தோட்டு எண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவற்றில் ஐந்து இன்றும் என்னிடம் இருக்கின்றன.

ஏழாவது குட்டி மைனியிடமே நின்றுவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. எந்த நோயும் அதற்கு வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். பலாக்கொட்டையும் மரச்சீனியும் தின்று மளமளவென்று வளர்ந்து, ஏப்ரலில் ஈஸ்டருக்கு அடித்தார்கள். அன்று பகல் பதினொரு மணிக்கு மைனியின் மகன் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, கைப்பிடியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தான். வாழையிலையால் மூடி, மேலே துணி கட்டியிருந்தது. உள்ளே மூன்று கிலோ இறைச்சி. வழியில் எங்கேயாவது நிறுத்தினார்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சித்தப்பா நிறுத்தணும்?" என்றான்.